பட்டம் விடாத சம்பா

சென்ற சம்பாவில் ஒரு குத்து நெற்பயிருக்கு முப்பத்தொரு தூர், அதாவது கிளைத்தண்டு, எண்ணினேன். ஓய்வுபெற்று வந்து சிதம்பரத்துக்குக் கிழக்கே இந்த ஒரு ஏக்கரில் இறங்கிய காலத்தில் இருபத்திரண்டைத் தாண்டியதில்லை. அதே விதை, அதே உரம். பயிர் இப்படிக் கொழுத்தது என் கைராசி என்றே நம்பினேன். எங்கள் வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் ஆண்டு முழுவதும் சோறு இந்த நெல்தான்.

அந்தத் தைரியத்தில் இந்த ஆண்டு ஒரு தப்புச் செய்தேன். எங்கள் பக்கம் எட்டடி நட்டால் ஓரடி வெறுமையாக விடுவார்கள். பட்டம் என்று பெயர். அதனால் ஏக்கருக்குப் பத்தாயிரம் குத்துக்குமேல் குறைகிறது என்று கணக்குப் போட்டு, பட்டத்தையும் நிரப்பி நடச் சொன்னேன்.

"காத்துக்கு வழி வேணாமா சார்?" என்றாள் நடவுக்கு வந்தவள்.

"நீ நடும்மா. கணக்க நான் பாத்துக்கறேன்."

"பாத்துக்குங்க. பூச்சியும் கணக்கு படிச்சிருக்கும்."

மற்றவர்கள் சிரித்தார்கள்.

கதிர் பால்பிடித்த நேரத்தில் வயல் நடுவே வட்டமாக ஓரிடம் தீய்ந்து கிடந்தது. இறங்கிப் பயிரை விலக்கினேன். தண்ணீருக்குச் சற்று மேலே, அடித்தண்டெல்லாம் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி. ஒரே குத்தில் அறுபத்துநான்கு வரை எண்ணினேன். அதற்குள் என் கையிலும் ஏறிவிட்டன.

வேளாண்மை படித்த மகளுக்குப் போன் செய்தேன்.

"காத்துல கரியமில வாயு ஜாஸ்தியாவுதுப்பா. பயிர் அதுல நல்லா தூர் கட்டும். அடர்த்தியானா அடியில புழுக்கம், பூச்சிக்கு அதான் வேணும். தண்டுலயும் சத்து கொறஞ்சிடுது, அதனால இன்னும் ஜாஸ்தி உறிஞ்சுது."

"அப்ப என் கைராசி?"

"மொதல்ல தண்ணிய வடிங்கப்பா."

மூன்று நாள் மழையில் வாய்க்கால் வயலைவிட உயர்ந்திருந்தது. மனைவியின் தம்பி வந்து மடையைத் திறந்தான். தண்ணீர் வெளியே போகவில்லை, உள்ளே வந்தது.

"மூடுடா, மூடு!"

"மூடிட்டேன் மாமா. மருந்து?"

"ரெண்டு தடவ அடிச்சாச்சு. மழ கழுவிடுச்சு."

வரப்பில் நின்றோம். பூச்சியை எண்ணலாம், தூரை எண்ணலாம்; காற்றை நான் என்ன செய்ய? தீய்ந்த வட்டம் ஐந்தானது, ஏழானது; பிறகு எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தன.

ஓரத்தில் தப்பியதைக் கையால் அறுத்தோம். நான்கு மூட்டை.

"ஆடி வரைக்கும் நமக்கே காணாது. பொண்ணு வீட்டுக்கு இந்த வருசம் நெல்லு இல்லன்னு நீங்களே சொல்லுங்க" என்று மனைவி போனை நீட்டினாள்.

மகள் எடுத்தாள். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன்.