சிக்கிக்கொண்ட ரோல்

மாமா சவூதியில் மௌத்தாகிவிட்டார் என்று செய்தி வந்த பிறகு எங்கள் வீட்டில் யாரும் ஓரிடத்தில் உட்காரவில்லை. உடலையும் அங்கேயே அடக்கிவிட்டார்கள். உம்மாவுக்கு அவர் ஒரே தம்பி.

உம்மா கேட்டது ஒன்றுதான். மாமா கடைசியாகக் கிளம்பிய அன்று சேரன்மகாதேவி பஸ் நிறுத்தத்தில் எடுத்த போட்டோ. மாமா கொண்டுவந்து கொடுத்த கேமராவில் வாப்பா எடுத்தது. அதற்கு முன்னால் எடுத்ததெல்லாம் மாமா எடுத்தது. அதனால் எதிலும் அவர் இல்லை. பாஸ்போர்ட் போட்டோ ஒன்று இருந்தது.

"அதுல முழிச்சுக்கிட்டுல்லா இருக்கான். சிரிக்கவா செய்யுதான்?" என்பாள் உம்மா.

பஸ் நிறுத்தத்தில் மாமா சிரித்தார். எனக்கு ஞாபகம் இருக்கிறது. "மச்சான், ரோல் இருக்குல்லா?" என்று கேட்டார். "இருக்கு, நில்லும்" என்றார் வாப்பா. ரோலில் எத்தனையாவது படம் என்று எண் தெரியும் சின்னக் கண்ணாடியை வாப்பாவின் கட்டைவிரல் மூடியிருந்தது.

உம்மா அந்த போட்டோவைக் கேட்டதும், கேமரா ஓடவில்லை, ரோல் உள்ளே சிக்கிவிட்டது என்றார் வாப்பா. அம்பாசமுத்திரம் ஸ்டுடியோவில் கொடுக்கலாம் என்றாள் உம்மா.

"அவன் வெடுக்குன்னு திறந்துருவான். வெளிச்சம் பட்டா எல்லாம் போச்சு. நானே பாக்கேன்."

வாப்பா டெய்லர். தையல் மிஷின் திருப்புளி பெரிது என்று மூக்குக்கண்ணாடிக் கடையில் சின்னது வாங்கினார். கழற்றிய ஆணிகளை பிஸ்கட் டப்பா மூடியில் போட்டார். பேட்டரி வைக்கும் இடம் பச்சை பூத்திருந்தது. என் அழிரப்பரால் தேய்த்தார். ஒரு நாள் பேட்டரியை எடுத்த பிறகும் பிளாஷ் பக்கம் விரல் பட்டு ஷாக் அடித்தது. கையை உதறிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தார். மறுபடியும் உட்கார்ந்தார்.

"ஏளா, சன்னலச் சாத்து."

சாத்துவேன். ஆனாலும் பின்மூடியை மட்டும் தொடமாட்டார்.

சட்டை தைக்கக் கொடுத்தவர்கள் வீட்டுக்கே வந்தார்கள். "ஏன் பாய், கோயில் கொடைக்குத் தாரேன்னு சொன்ன சட்டையும் கேமராவுக்குள்ள சிக்கிக்கிட்டா?" உம்மா அடுப்படிக்கும் வாசலுக்கும் நடப்பாள். நடந்தபடியே கேட்பாள். "ஓடுதா?"

"இரி. பாக்கேன்லா."

ஒரு சாயங்காலம். வெயில் இருந்தது. சன்னல் திறந்தே கிடந்தது. கேமரா உய்ங் என்று ஓடியது. சிவப்பு விளக்கு எரிந்தது. நான் துள்ளி எழுந்தேன்.

வாப்பாவுக்குச் சந்தோஷம் இல்லை. அந்த வெயிலிலேயே பின்மூடியைத் திறந்தார். உள்ளே ரோல் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்தார். மூடினார். திருப்புளியை விட்டு ஒரு வயரை நெம்பி அறுத்தார்.

உம்மா டீயோடு கதவுப்பக்கம் நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியாது.

"இன்னும் ஓடலியா?"

"இல்ல."

டீயை அவர் பக்கத்தில் வைத்தாள். "பைய பாருங்க. அவசரமில்ல."

அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை.

பஸ் வந்து நிற்கிற நேரத்தில், மாமா கேட்கும்போது ரோல் இல்லை என்று சொல்ல வாப்பாவுக்கு வாய் வரவில்லை. இப்போது தெரிகிறது. கேமரா என்னிடம்தான் இருக்கிறது. வயர் அறுந்தபடியே.

அன்று எனக்கு ஒன்றும் தெரியாது. ரோல் எங்கேயோ கீழே விழுந்திருக்கும் என்று நினைத்தேன். கட்டிலுக்கு அடியில் தேடினேன். மிஷின் பெட்டியில் தேடினேன். வெட்டுத் துணிகளை எல்லாம் உதறினேன். இரண்டு பேரும் எழுந்து வந்து தேடாமல் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.