எர்த்துக்கு ஊற்றிய தண்ணீர்

எங்கள் கார் எங்கே போனாலும் சரிவு பார்த்துத்தான் நிற்கும். கல்யாணத்துக்குப் போனால் மண்டபத்து வாசலில் நிற்காது. நூறடி தள்ளி, ரோடு எங்கே இறங்குகிறதோ அங்கே நிற்கும். வெள்ளிமலைக்குச் சவாரி கிடைத்தால் அப்பாவுக்குச் சந்தோஷம், அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் இறக்கம்தான். ஊரில் இருக்கும்போது தெருக்கோடியில் வாய்க்கால் கரைமேல் நிறுத்தி, சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு வருவார். காலையில் கல்லை எடுத்தால் வண்டி உருண்டு, பாதிக் கரை இறங்கும்போது உறுமிக்கொண்டு உயிர் வரும். சாவி என்பது கதவைத் திறப்பதற்கு மட்டும்தான் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஒன்றரை ஏக்கர் கரும்பு, ஒரு கிணறு, இந்தப் பழைய டீசல் கார். வெள்ளைக் கார் என்று சொல்லித்தான் அப்பா வாங்கினார். நான் பார்க்கும்போது அது மோர் நிறத்துக்கு வந்திருந்தது. கரும்பு வேலை இல்லாத நாட்களில் வாடகைக்கு ஓட்டுவார்.

அம்மாவுக்கு நெஞ்சில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது என்று புதுச்சேரியில் பெரிய டாக்டர் சொன்னது எனக்கு ஒன்பது வயதானபோது. நன்றாகத்தான் இருப்பாள். திடீரென்று மூச்சு பிடித்துக்கொள்ளும். கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்துவிடுவாள். அப்படி வந்தால் தாமதிக்காமல் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பது டாக்டரின் உத்தரவு. போன் அடித்தால் ஆம்புலன்ஸ் வருகிற காலம் இல்லை. முதல் தடவை அப்படி வந்தபோது மழை பெய்து கரை நொதநொதவென்று இருந்தது. வண்டி உருண்டு கீழே போய் உயிர் வராமல் நின்றுவிட்டது. ஐந்து பேர் சேர்ந்து மறுபடி மேலே தள்ளி, மறுபடி உருட்டி, அன்றைக்கு எப்படியோ போய்ச் சேர்ந்தார்கள். திரும்பி வந்த அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் என் மாமாவுக்குக் கார்டு எழுத உட்கார்ந்தார்.

மாமா அம்மாவின் தம்பி. உளுந்தூர்பேட்டையில் லாரி ஒர்க்‌ஷாப்பில் எலக்ட்ரீஷியன். மனிதர்களிடம் நாலு வார்த்தைதான் பேசுவார், வண்டிகளிடம் தாராளமாகப் பேசுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில், தோளில் கனமான பையோடு வந்து இறங்கினார். அக்காவைப் பார்த்து, "சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டு நேராகக் காருக்குப் போனார். பையிலிருந்து ஒரு மீட்டரை எடுத்து, அதன் ஒரு முனையைப் பேட்டரியிலும் இன்னொன்றை இஞ்சினிலும் வைத்துக்கொண்டு அப்பாவைச் சாவி போடச் சொன்னார். முள் துள்ளியது.

"பேட்டரி நல்லாத்தான் இருக்குது மச்சான். கரண்டு திரும்பி வர்ற வழிதான் அடைச்சிக்கினு இருக்குது. இன்னா இது, எர்த் ஒயரா, அரணாக்கயிறா?" என்றார்.

காரை வீட்டு வாசலுக்குத் தள்ளிக்கொண்டுவந்து, அன்றைக்குப் பகல் முழுக்க அந்த வேலைதான். மாமா பையிலிருந்து கட்டைவிரல் தடிமனுக்கு வெல்டிங் கேபிளை எடுத்து அளந்து வெட்டினார். முனைகளில் செம்பு வளையம் வைத்து நசுக்கினார். காரின் முன்சக்கரத்துக்குப் பின்னால், அடிச்சட்டத்தில் ஓர் இடத்தைப் பெயிண்ட் போக, துரு போக, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். தகரம் புது எவர்சில்வர் டம்ளர் போலப் பளபளத்தது. பேட்டரியிலிருந்து ஒரு கேபிள், இஞ்சினிலிருந்து ஒரு கேபிள், இரண்டையும் அந்த இடத்தில் ஒரே போல்ட்டில் போட்டு இறுக்கினார். ஜன்னலோரம் கட்டிலில் சாய்ந்தபடி அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வப்போது தம்பிக்கு மோர் கொடுக்கச் சொல்லி என்னை விரட்டினாள்.

சாயங்காலம் அப்பா சாவியைத் திருப்பினார். வண்டி ஒரே மூச்சில் எடுத்தது. அப்பா அணைத்துவிட்டு மறுபடி திருப்பினார். மறுபடி எடுத்தது. ஜன்னலில் அம்மா சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

பஸ் ஏறும் முன் மாமா அப்பாவிடம் ஏதோ சொன்னார், அப்பா தலையாட்டினார். மறுநாள் காலையில் அப்பா ஒரு டப்பாவிலிருந்து மஞ்சள் கிரீஸை விரலால் வழித்து அந்த போல்ட்டின் மேல் அப்பினார். நான் பக்கத்தில் குந்திக்கொண்டு பார்த்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அன்றிலிருந்து கார் கரைமேல் நிற்கவில்லை. அம்மாவின் ஜன்னலை ஒட்டி, சமதரையில் நின்றது. கூப்பிட்டால் இரண்டடியில் ஏற்றிவிடலாமே. சரிவை எல்லோரும் மறந்தோம்.

இங்கே எங்கள் கிணற்று மோட்டாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மோட்டார் கொட்டாய்க்குப் பக்கத்தில் ஒரு குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, நடுவில் ஒரு பைப்பைப் புதைத்திருந்தார்கள். அதுதான் மோட்டாருக்கு எர்த். கோடையில் மண் காய்ந்தால் எர்த் கிடைக்காது, தொட்டால் ஷாக் அடிக்கும். அதனால் தினமும் ஒரு குடம் தண்ணீரும் வாரத்துக்கு ஒரு பிடி கல்லுப்பும் அந்தக் குழிக்குப் போடவேண்டும். எங்கள் பக்கத்தில் மோட்டார் வைத்திருக்கும் எல்லோரும் செய்வதுதான். எங்கள் வீட்டில் அது அம்மாவின் வேலை. அவள் படுத்த பிறகு என் தலையில் விழுந்தது. எர்த் காயக்கூடாது, அதற்கு உப்பும் தண்ணீரும் காட்ட வேண்டும் என்பது மின்சாரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே பாடம். அதை நான் ஒழுங்காகக் கற்றிருந்தேன்.

காருக்கும் இப்போது எர்த் போட்டாயிற்று. ஆனால் அதற்கு ஒருவரும் தண்ணீர் ஊற்றவில்லை. ஆம்பிளைகள் பெரிய வேலையை ஆர்ப்பாட்டமாகச் செய்துவிட்டு, அதற்கப்புறம் அன்றாடம் செய்யவேண்டியதை மறந்துவிடுவார்கள் என்பது எனக்கு அந்த வயதிலேயே தெரிந்திருந்தது. நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன்.

முதல் நாள் சொம்புத் தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டு சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு ஊற்றினேன். தண்ணீர் கிரீஸ் மேல் நிற்காமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. இது ஏதடா இடைஞ்சல் என்று பழைய சீலைத் துணியால் அந்த மஞ்சள் பசையைத் துடைத்தேன். மண்ணைப் போட்டுத் தேய்த்து, போல்ட்டின் இடுக்கெல்லாம் சுத்தமாக்கினேன். பாத்திரம் விளக்குவதில் என்னை அம்மா குறைசொன்னதே இல்லை. பிறகு ஊற்றினேன். இப்போது நன்றாக இறங்கியது.

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மோட்டாருக்கு ஒரு குடம், காருக்கு ஒரு சொம்பு. ஒளித்துச் செய்யவில்லை. சொல்லவும் இல்லை. அம்மாவைக் கொண்டுபோகிற வண்டியில் என் பங்கும் ஒன்று இருக்கிறது என்ற நினைப்பு எனக்குள் இனிப்பாக இருந்தது, அதை யாருக்கும் பிட்டுக் கொடுக்க மனமில்லை. ஒருநாள் அம்மா மட்டும் கேட்டாள்.

"இன்னாடி, உப்பு ஜாடி எறங்கிக்கினே போவுது? ஜாஸ்தி உப்புத் தின்றியா?"

மோட்டாருக்கு என்றேன். நல்ல பிள்ளை என்று என் தலையைத் தடவினாள்.

மூன்று வாரம் கார் ஒரே சாவியில் எடுத்தது. ஒவ்வொரு தடவையும் அப்பா மாமாவைப் புகழ்வார். நான் எனக்குள் சிரித்துக்கொள்வேன்.

நைனார்பாளையத்தில் அத்தை வீட்டில் காதுகுத்து வந்தது. அம்மாவால் பஸ்ஸில் போக முடியாது. வீட்டிலிருந்து ஒருவராவது போகவேண்டும் என்று ஊர்க்காரர் ஒருவரோடு என்னை அனுப்பினார்கள். இரண்டு நாள் பாயசமும் விளையாட்டுமாகப் போனது. மூன்றாம் நாள் சாயங்காலம் வந்தவள் அலுப்பில் அப்படியே தூங்கிவிட்டேன்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் அப்பாவின் குரல் கேட்டு எழுந்தேன். அம்மா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உதடு நாவல்பழம் தின்றது போல இருந்தது. அப்பா அவளை அப்படியே தூக்கிக்கொண்டுபோய்ப் பின்சீட்டில் உட்காரவைத்தார். சாவியைத் திருப்பினார்.

டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

மறுபடி திருப்பினார். டக். இஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டரின் விளக்கு மங்கலாகச் சிவந்து அணைந்தது. அப்பா கத்தினார், தெரு ஓடிவந்தது. சமதரையில் தள்ளினார்கள். மணலில் சக்கரம் புதைந்தது. தெரு வரைக்கும் கொண்டுவந்து மூன்று தடவை தள்ளினார்கள். இரண்டு தடவை செருமியது, புகை கக்கியது, நின்றுவிட்டது. வாய்க்கால் கரை தெருவின் அந்தக் கோடியில் இருந்தது. அம்மா கண்ணாடிக்கு வெளியே யாரையும் பார்க்காமல், மூச்சை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கரும்பு ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போன ஒரு டிராக்டரை மறித்தார்கள். டிரைவர் டிரெய்லரை அங்கேயே கழற்றிவிட்டார். மட்கார்டு மேல் அம்மாவை உட்காரவைத்து அப்பா நின்றுகொண்டு அணைத்துப் பிடித்துக்கொண்டார். வண்டி திரும்பும்போது அம்மா என்னைப் பார்த்துக் கையைக் கொஞ்சம் அசைத்தாள். வீட்டுக்குள் போ என்றா, பள்ளிக்கூடத்துக்குப் போ என்றா தெரியவில்லை.

நான் போகவில்லை. கார் ஏன் கிளம்பவில்லை என்று அந்தத் தெருவில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். மூன்று நாள் தண்ணீர் இல்லாமல் எர்த் காய்ந்துவிட்டது. நான் பாயசம் தின்றுகொண்டிருந்தேன். அழுதுகொண்டே ஓடி ஒரு குடம் தண்ணீரும் இரண்டு பிடி உப்பும் கொண்டுவந்து, நடுத்தெருவில் கிடந்த காரின் சக்கரத்துக்குப் பின்னால் முழுவதையும் கொட்டினேன்.

அம்மா பத்து மணிக்குள் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். அரைமணி முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாகச் சிலர் சொன்னார்கள். எப்போது வந்திருந்தாலும் இவ்வளவுதான் என்று சொன்னதாகச் சிலர் சொன்னார்கள். கூடவே இருந்த அப்பா இரண்டையும் மறுக்கவில்லை. உப்புத் தண்ணீர் பட்டால் செம்பும் இரும்பும் சேர்கிற இடம் என்னவாகும் என்று பத்தாம் வகுப்பில் ஒருநாள் பாடம் நடந்தது. அன்றைக்கு நான் பாதி வகுப்பில் எழுந்து வெளியே போய்விட்டேன். டீச்சர் கூப்பிட்டும் திரும்பவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் மாமா காருக்கு அடியில் படுத்தார். போல்ட்டைத் திருகும் முன்பே கேபிள் கையோடு வந்துவிட்டது. வெளியே எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். செம்பு வளையம் பச்சையாகவும் வெள்ளையாகவும் பூத்துப்போயிருந்தது. இரும்பு துருத்தூளாகக் கொட்டியது. இவ்வளவு சீக்கிரத்தில் இப்படி அரித்து அவர் பார்த்ததே இல்லையாம். திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா அதை வாங்கி, அந்தப் பூவை நகத்தால் சுரண்டி நாக்கு நுனியில் வைத்தார். குழம்பில் ருசி பார்ப்பது போல ஒரு கணம் இருந்துவிட்டுத் துப்பினார். சக்கரத்தடியில் மண்ணில் வெள்ளை வெள்ளையாகக் காய்ந்திருந்த கறையைப் பார்த்தார். பிறகு, சுவரோரம் நின்ற என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்ததாக ஞாபகம் இல்லை. ரொம்ப நேரம் பார்த்தார்.

"கிரீஸ் வெச்சீங்களா மச்சான்?" என்று மாமா கேட்டார்.

"இல்ல மாப்ள. மறந்துட்டேன்."

மாமா எழுந்து நின்றார். கையில் இருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. "படிச்சிப் படிச்சி சொல்லிட்டுப் போனேனே. ஒரு வெரல் கிரீஸு. எங்க அக்காவ ஒரு வெரல் கிரீஸுக்குக் குடுத்துட்டீங்களே" என்றார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா பூசியதை நான்தான் பார்த்தேனே. "இல்ல மாமா, அப்பா வந்து" என்று ஆரம்பித்தேன்.

"உள்ள போ!" என்று அப்பா கத்தினார். என்னைப் பார்த்து அவர் கத்தியது அதுதான் முதல் தடவை. "மாமாவுக்குத் தண்ணி எடுத்துக்கினு வா. போ."

நான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தபோது மாமா பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ரோட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். கூப்பிட்டேன், திரும்பிப் பார்க்கவில்லை. அதன் பிறகு அவர் எங்கள் வாசலை மிதிக்கவே இல்லை, என் கல்யாணத்துக்குக்கூட வரவில்லை. அப்பாவும் போய்க் கூப்பிடவில்லை.

அன்றைக்கு அப்பா அந்தத் தண்ணீரை வாங்கிக் குடித்தார். பாதி சட்டையில் வழிந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக, "நீ கிரீஸ் பூசினியேப்பா, நான் பார்த்தேனே" என்றேன்.

"இல்லம்மா. நான் பூசல" என்றார். "யாரு கேட்டாலும் பூசலன்னுதான் சொல்லணும், இன்னா?"

பாவம் அப்பா, அம்மா போன துக்கத்தில் கண்ணெதிரே செய்ததெல்லாம் மறந்துபோகிறது என்று நினைத்தேன். இனிமேல் இந்த வீட்டில் எல்லாவற்றையும் நான்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டேன்.