ஏரிக்கரைக்கு ஒரு ஜோடி டயர்

ஞாயிறு, காலை 6:50. உத்திரமேரூரிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் எங்கள் ஊரிலிருந்து பிக்கப் வண்டியில் கிளம்பினோம். முன் இருக்கையில் மூன்று பேர். ஓட்டுவது என் அண்ணன் முரளி; ஜன்னலோரம் ஜோதி அக்கா; நடுவில், கியர் தண்டு முழங்காலில் இடிக்க, நான். ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஊரில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். போக வேண்டிய இடம் காஞ்சிபுரம் தாண்டி ராஜகுளம். பெங்களூரு நெடுஞ்சாலையோரம் அங்கே ஒரு டயர் கடை இருக்கிறது. மீட்டரில் 1,18,462 என்று இருந்தது. குறித்துக்கொண்டேன்.

போக நாற்பது கிலோமீட்டர், வர நாற்பது. இத்தனையும் ஒன்றரை கிலோமீட்டர் மண் பாதைக்காக. அண்ணன் காலையும் மாலையும் வீடு வீடாகப் பால் எடுத்து சொசைட்டியில் சேர்க்கிறான். கடைசியாகப் போகும் இடம் ஏரிக்கு அக்கரையில் இருக்கும் காலனி. அங்கே போக ஏரிக்கரை மேலேதான் வழி. வெயில் காலத்தில் எந்த வண்டியும் போகும். கார்த்திகை மழையில் அது முழுக்கக் களிமண். பத்து நாளைக்கு முன், பின் டயர் இரண்டும் மொட்டையாகிப்போயிருந்த எங்கள் வண்டி மதகுக்குப் பக்கத்தில் வழுக்கிச் சாய்ந்து நின்றது. டிராக்டர் வந்து இழுப்பதற்குள் பால் திரிந்துவிட்டது. அன்றிலிருந்து அண்ணன் இக்கரையோடு நின்றுவிடுகிறான். அக்கரைக்காரர்கள் கேனைத் தலையில் வைத்துக்கொண்டு சேற்றில் நடந்து வருகிறார்கள்.

ஜோதி அக்காவும் அக்கரைக்காரிதான். அவளுக்கு ஒரே ஒரு கறவை மாடு. மற்றபடி நடவு வேலை. நடவுக்கு ஆள் ஏற்றிப் போகும் வண்டி ஏழு மணிக்கு மேல் யாருக்காகவும் நிற்காது.

“பால் பின்னாடி ஓடுனா நடவு போச்சு, நடவுக்கு ஓடுனா பால் போச்சு. நான் இன்னா ரெண்டா பொளந்துக்கினா போவ முடியும்? சாயந்தரம் அஞ்சு மணிக்கு மாட்டுத் தரகர் வர்றாரு. நீங்க வாங்குற டயரை என் கண்ணால பாத்துட்டுத்தான் மாட்டை அவுக்கறதா வேணாமான்னு சொல்லுவேன்” என்றாள்.

“டயரைப் பாத்து உனக்கு இன்னா தெரியும்?” என்றான் அண்ணன். இருவரும் எட்டாவது வரை ஒரே வகுப்பு.

“உன் கணக்குப் பேப்பரைப் பாத்து எழுதி ஃபெயிலானவ நான். உன்னை நம்பி எதையும் வுடக் கூடாதுன்னு அன்னிக்கே தெரிஞ்சிக்கினேன்.”

7:35. மாகறலில் நாஷ்டா. ஆளுக்கு நான்கு இட்லி, ஒரு வடை. மூன்று பேருக்கும் சேர்த்து 150 ரூபாய். நான் நோட்டை எடுத்து டயருக்கான பட்டியலை மறுபடி சரிபார்த்தேன். அளவு 215/75 R15. ஒரு டயர் தாங்கும் எடையைச் சொல்லும் எண் 106-க்குக் குறையக் கூடாது. அதாவது 950 கிலோ. தயாரித்து ஒரு வருடத்துக்குள் இருக்க வேண்டும். டயர் மேல் கட்டை கட்டையாக நிற்கும் பட்டனின் ஆழம். பக்கச் சுவரின் தடிமன். புது டயரை முன்னால் போடுவதுதான் எங்கள் பக்கத்து ஓட்டுநர்களின் வழக்கம். ஆனால் இந்த வண்டியைத் தள்ளுவது பின் சக்கரம். அதனால் ‘பின்னால்’ என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தேன். அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, “பொண்ணு பாக்கப் போறவன்கூட இவ்ளோ எழுதிக்கினு போவ மாட்டான்” என்றான்.

8:20. ஓரிக்கைப் பாலத்தில் வண்டியை மெதுவாக்கினான். பாலாற்றில் தண்ணீர். முழு அகலத்துக்கு இல்லை; மணல் திட்டுகளுக்கு நடுவே நான்கைந்து ஓடைகள். ஆனாலும் பாலத்தில் போன பாதிப்பேர் பைக்கை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு நேரமில்லை.

9:05, ராஜகுளம். கடைக்காரர் ஐம்பது வயதுக்காரர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்திருந்தார். கரடுமுரடான பாதைக்கு என்றதும் வெள்ளை எழுத்து போட்ட ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பக்கச் சுவரைத் தடவிப் படித்தேன். எடை எண் 100. எண்ணூறு கிலோ.

“வேண்டாம்ணா.”

“மேடம், இதைப் போட்டுக்கினு ஊட்டிக்கே போறாங்க.”

“அவங்க பின்னாடி இருபது பால் கேன் ஏத்திக்கினா போறாங்க?”

அடுத்ததாக இரண்டு வகை வந்தன. ஒன்றின் எடை எண் 109. பட்டன்கள் நெருக்கமாக, ஒழுங்காக இருந்தன. தார் ரோட்டில் சத்தம் வராது, அதிக நாள் உழைக்கும். மற்றதன் எண் 106. பட்டன்கள் பெரியவை, நடுவே விரல் நுழையும் இடைவெளி, சீக்கிரம் தேயும். பட்டியலில் இருந்த எல்லாவற்றுக்கும் முதல் டயரே சரியாக வந்தது. வாங்கிவிடலாம் என்று திரும்பியபோது ஜோதி அக்காவைக் காணவில்லை.

எங்கள் வண்டியின் சேற்றுத் தடுப்புக்குள் கையை விட்டு, காய்ந்து ஒட்டியிருந்த ஏரிக்கரை மண்ணை இரண்டு கையாலும் பெயர்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சர் பார்க்கும் தொட்டித் தண்ணீரில் அதைப் பிசைந்தாள். நடவு வயலில் பழகிய கை. பதம் சரியாக வந்ததும் நிறுத்தினாள். இரண்டு டயரிலும் ஒரு சாண் நீளத்துக்கு அழுத்தி அப்பினாள்.

“உருட்டு முரளி.”

அண்ணன் கடை வாசல் சிமென்ட் தரையில் இரண்டையும் உருட்டித் தட்டினான். நெருக்கப் பட்டன் டயரில் மண் அப்படியே உட்கார்ந்திருந்தது. பட்டன் இருந்ததே தெரியவில்லை. மற்றதில் பாதிக்கு மேல் கட்டி கட்டியாக உதிர்ந்துவிட்டது.

“இது மண்ணை வுடாது கவி. ரெண்டு சுத்து சுத்துனா இதுவும் மொட்டை டயர்தான்” என்றாள் ஜோதி அக்கா.

என் பட்டியலில் இதற்கு இடமே இல்லை. தொழிற்சாலையில் நாங்கள் எதையும் துடைத்துவிட்டுத்தான் அளக்கிறோம்.

கடைக்காரர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். “எத்தினியோ பேர் டயரைக் காலால ஒதைச்சுப் பாப்பாங்க. மண்ணு கொண்டாந்து பூசுனது நீங்கதான்” என்றார். இடைவெளிப் பட்டன் டயர் இரண்டு, ஒன்று 7,350 ரூபாய். நானும் ஜோதி அக்காவும் எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு வருவதற்குள் சக்கரங்களைப் பின்னால் மாட்டிக் காற்றும் பிடித்திருந்தார்கள்.

மாலை 4:25. காஞ்சிபுரத்தில் சாப்பிட்டு, வரிசையில் காத்திருந்து தவிடும் புண்ணாக்கும் வாங்கி, இக்கரையில் இறக்கிவிட்டு ஏரிக்கரைக்கு வந்தபோது தூறிக்கொண்டிருந்தது. கரை ஏறும் இடத்தில் குடை பிடித்தபடி தரகர் நின்றிருந்தார். அவருடைய மொபெட் அதற்கு மேல் போகாது.

வண்டி ஏறியது. நூறு மீட்டர் போயிருக்கும். பின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தது. அண்ணன் ரிவர்ஸ் போட்டான், முன்னால் போட்டான். பழைய கதையேதான். தரகர் நடந்து வந்து குனிந்து பார்த்தார்.

“டயர் புதுசா? நல்லாத்தான் கீது. நிக்குது.”

நான் இறங்கி, வண்டி வந்த தடத்தைப் பார்த்தேன். அகலமான டயர், ஆனால் சேற்றில் பதிந்திருந்தது நடுவில் இருக்கும் இரண்டு வரிசைப் பட்டன் மட்டும். ஓரத்துப் பட்டன்கள் மண்ணைத் தொடவே இல்லை. பையிலிருந்து காற்று அளக்கும் கருவியை எடுத்து வைத்தேன். 66.

“அண்ணா, எவ்ளோ அடிக்கச் சொன்ன?”

“வண்டிக் கதவுல அம்பத்தஞ்சுன்னு எழுதி இருந்துது. லோடு வண்டியாச்சே, பத்து சேத்து அடிக்கச் சொன்னேன். இங்க எல்லாரும் அப்படித்தான் அடிக்கிறாங்க.”

உண்மைதான். எங்கள் பக்கத்தில் டயர் கல்லு மாதிரி இருந்தால்தான் ஓட்டுநருக்கு நிம்மதி. வால்வு மூடியைக் கழற்றி, சாவி முனையால் அழுத்திக் காற்றை விட ஆரம்பித்தேன். “ஏய், இன்னா பண்ற? புது டயரு!” என்று அண்ணன் பதறினான். 50. 40. 30. இருபத்தைந்தில் நிறுத்தினேன். டயரின் அடிப்பக்கம் லேசாகப் பரந்து உட்கார்ந்தது.

“வண்டி காலியா கீது, பின்னாடி வெயிட்டு வேணும்” என்ற ஜோதி அக்கா தரகரைப் பார்த்தாள். “அண்ணே, நீங்க ஏறி நில்லுங்களேன். நல்லா ஒடம்பா கீறீங்க.”

அவர் குடையை மடக்கிக்கொண்டு ஏறிவிட்டார். அக்கரைக்கு நடக்காமல் போகலாம் என்று நினைத்திருப்பார். அண்ணன் இரண்டாவது கியரில் மெதுவாக எடுத்தான். வண்டி ஒரு முறை இடதுபக்கம் வழுக்கியது. என் கை தானாக டேஷ்போர்டைப் பிடித்தது. பிறகு பின்னால் மண் கட்டிகள் தகரத்தில் பட்டுத் தெறிக்கும் சத்தம். டயர் மண்ணை விடுகிறது என்று புரிந்தது. மதகைத் தாண்டினோம்.

4:58. அக்கரை வேப்ப மரத்தடியில் ஐந்தாறு பெண்கள் கேன்களைத் தலையில் ஏற்றப் போகிற நேரம். வண்டியைப் பார்த்ததும் அப்படியே தரையில் வைத்துவிட்டார்கள்.

பின்னாலிருந்து இறங்கிய தரகரின் சட்டையில் எங்கள் ஏரி பாதி இருந்தது.

“மாடு எங்கம்மா?”

“மாடு குடுக்கலண்ணே. பேஜார் ஆயிட்டுதுன்னு நெனைச்சிக்காதீங்க. போவும்போதும் பின்னாடியே ஏறிக்கோங்க, வெயிட்டு வேணும்” என்றாள் ஜோதி அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து வீட்டு ராணி மட்டும் சிரிக்கவில்லை. போன வாரம்தான் அவள் மாட்டை இதே தரகரிடம் கொடுத்திருந்தாள். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து டயரை அமுக்கிப் பார்த்தாள்.

“நைனா, என் மாடு இன்னும் உன் வூட்டாண்டதான் கீதா?”

“கீது. மழையில சந்தை கூடல. ஆனா ஒரு வாரமா தீனி போட்டுக்கினு கீறேன்ல?”

“பால் கறந்துக்கினியா இல்லியா?”

பேச்சு அங்கிருந்து சூடுபிடித்தது. தார் ரோட்டுக்குத் திரும்பியதும் மிதி பம்பை எடுத்துக் காற்று அடிக்க வேண்டியிருந்தது. ஒரு சக்கரத்துக்கு இருபது நிமிடம். அடித்தது அண்ணன்.

திங்கள், காலை 5:50. வாலாஜாபாத் பேருந்து. அங்கிருந்து கம்பெனி வண்டியில் ஒரகடம் போக வேண்டும். அந்தச் சாலைகளில் எந்த டயரும் ஓடும். வாங்குபவர் விலையையும் பெயரையும் பார்த்தால் போதும். அங்கே ஒரு டயர் வழுக்கினால் ஒரு வண்டி தாமதமாகும். எங்கள் ஏரிக்கரையில் வழுக்கினால் ஒரு வீட்டிலிருந்து மாடு போய்விடும். அளக்கக் கற்றுக்கொண்ட தொழிற்சாலையில் இதை எனக்கு யாரும் சொன்னதில்லை.

6:35-க்கு அண்ணன் கூப்பிட்டான். சுற்றிலும் கேன் ஏற்றும் சத்தம்.

“அக்கரையில ஏழு கேனு ஏத்திக்கினேன். கரை தாண்டுற வரைக்கும் காத்து எவ்ளோ வெச்சிக்கட்டும்?”

இத்தனை வருடத்தில் அவன் என்னிடம் ஒரு எண் கேட்டது இதுதான் முதல் தடவை. முப்பத்தைந்து என்றேன். பின்னால் ஜோதி அக்காவின் குரல், நடவு வண்டிக்கு நேரமாகிவிட்டதென்று கத்திக்கொண்டே தூரமாகப் போனது.