மூன்றாம் சரணம்

பால்காரர் ஒரு நாள் கொஞ்சம் கூடுதலாக ஊற்றிவிட்டால், எதற்காக இருக்கும் என்று இரண்டு நாள் யோசிப்பவள் நான். அப்படிப்பட்டவளைத்தான் சேர்ந்து பாடும் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள்.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த மெர்டேக்காவுக்கு முந்தைய ஆண்டு அது. ஊருக்குள் காஜா பேராங் பகுதியில் ஒரு பலகை மண்டபத்தில் வாரம் இரண்டு மாலை கூடுவோம். மொத்தம் பதினான்கு பேர். பழைய பாட்டு ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் எங்கள் வாத்தியார் புதிதாக எழுதியவை. ஆண் குரல், பெண் குரல், மேல் குரல், கீழ்க் குரல் என்று மாதா கோயில்காரர்கள் மாதிரி பிரித்துப் பாட வைப்பார். பாட்டின் விஷயமோ கோயில் சமாச்சாரம் இல்லை. ரப்பர் தோட்டத்தில் கூலியைக் குறைத்தது, குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகியது, வேலையை விட்டு நிறுத்தியது, இதெல்லாம்தான்.

அவற்றில் ஒரு பாட்டின் மூன்றாம் சரணம்தான் வம்பை இழுத்தது. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, தோட்டத்து கேட்டில் தொழிலாளிகளின் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து கொட்டிய காலம் ஒன்று இருந்ததே, அதைப் பற்றியது.

'கட்டிய சோற்றைக் கேட்டில் கொட்டினார், காலி வயிற்றோடு பால்மரம் சீவினோம்.'

அவசரகாலச் சட்டம் இன்னும் நீங்கவில்லை. கச்சேரி நடத்த வேண்டுமானால் பாட்டுகளை எழுதி போலீசில் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். வாத்தியார் தமிழ்நாட்டில் பிறந்தவர், குடியுரிமைப் பத்திரம் இல்லாதவர். ஒரு வார்த்தை பிசகினால் போதும், கப்பலேற்றி அனுப்பிவிடுவார்கள். மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் இங்கே நிற்பார்கள்.

போதாததற்கு, ஒரு முறை அவரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு, ஒத்திகையில் அவர் விளையாட்டாகச் சொன்ன ஒன்றைத் திருப்பிச் சொல்லி மிரட்டியிருந்தார்கள். பதினான்கு பேரில் யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும்.

யாரோ என்ன யாரோ! எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கம்போங் செட்டியிலிருந்து வந்த பெண்தான். பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து மலாய்க்காரர்களோடு கலந்துபோன செட்டிகளுக்குத் தமிழ் வராது, வீட்டில் ஒரு மாதிரி மலாய்தான் பேசுவார்கள். கோயிலில் தேவாரம் பாடிப் பழகியவள் என்று வாத்தியார் சேர்த்துக்கொண்டார். மலாய்க்காரிகள் மாதிரி சாரோங் கெபாயா உடுத்தி வருவாள். குரல் என்றால் அப்படி ஒரு குரல். ஆனால் எப்போதும் கையில் ஒரு நோட்டுப் புத்தகம், எப்போதும் எழுத்து. அவள் புருஷன் போலீஸ் ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை பார்ப்பதும் எனக்குத் தெரியவந்தது. தமிழ் தெரியாதவளுக்கு இந்தப் பாட்டில் என்ன வேலை?

புக்கிட் ரம்பாயிலிருந்து எங்களோடு பாட வரும் லாரி டிரைவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "எழுதுனாத்தானேக்கா அதுக்குப் பாட வரும்? பாவம்லா."

வாத்தியாரிடம் சொன்னேன். "இப்படிச் சந்தேகப்பட்டா எப்படிம்மா சேர்ந்து பாடறது?" என்றார். கப்பலேறப்போவது அவர், கவலைப்படுவது நான்.

வக்கீல் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்ததால், போலீசுக்குப் போகும் பிரதியை அடிக்கும் வேலை எனக்கு வந்தது. தாளில் மட்டும் அந்தச் சரணத்தை மாற்றிவிடுவது என்று முடிவாயிற்று. 'கட்டிய பூவைக் கூந்தலில் சூடினோம், காலை வெயிலில் பால்மரம் பாடினோம்.' மேடையில் உண்மையானதைப் பாடுவோம். அதுவரை ஒத்திகையில் பாடாத சரணம் அது, யாரும் எங்கும் எழுதவும் கூடாது. கடைசி வாரம் தனியாகக் கூடி வாயாலேயே பழகிக்கொள்வோம்.

"செட்டிப் பொண்ணுக்கு நீங்க சொல்லிடுங்கம்மா, மலாய் நல்லாப் பேசறீங்க" என்றார் வாத்தியார்.

"நான் பார்த்துக்கறேன்" என்றேன். பார்த்துக்கொண்டேன். கடைசி வாரம் ஒத்திகை இல்லை என்று அவளிடம் மலாயில் சொன்னேன். பூ சூடும் சரணத்தை ரூமியில், அதாவது ஆங்கில எழுத்தில், அவள் நோட்டில் எழுதிக் கொடுத்தேன். ரொம்ப சந்தோஷப்பட்டாள். வாத்தியாரிடம், அவளுக்குத் தனியாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேன் என்றேன்.

கச்சேரியன்று முன் வரிசையில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். மாத்தா கெலாப், அதாவது சாதா உடை போலீஸ். மடியில் நான் அடித்த தாள். தமிழர்தான். ஒவ்வொரு வரிக்கும் விரலை வைத்துக்கொண்டே கேட்டார்.

மூன்றாம் சரணம் வந்தது. பதின்மூன்று பேர் சோற்றைக் கொட்டினோம். அவள் ஒருத்தி பூச்சூடினாள். அவர் விரல் நின்றது, தலை நிமிர்ந்தது. ஆனால் அவள்தான் அவருக்கு நேர் எதிரே நின்றாள், மைக்கும் அவள் பக்கம். பிரிந்து பிரிந்து வரும் மற்றக் குரல்களுக்கு மேலே அவள் குரல், தாளில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து பாடிக்கொண்டு போயிற்று. அவர் கொஞ்சம் காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு விரல் நகர ஆரம்பித்தது.

வாத்தியார் தப்பித்தார். பின்னால் பத்திரம் வாங்கி இந்த ஊரிலேயே இருந்தார்.

கச்சேரி முடிந்ததும் அவள்தான் முதலில் என்னிடம் வந்தாள். கண் கலங்கியிருந்தது. மலாயில் பேசினாள்.

"அக்கா, நான் தப்பாகப் பாடிவிட்டேன். எல்லாரும் வேறு மாதிரி பாடினார்கள், நான் மட்டும் தப்பு. தினமும் பாடிப் பார்த்தேன் அக்கா. வாத்தியாரிடம் சொல்லாதீர்கள். சரியானதை எழுதிக் கொடுங்கள், அடுத்த முறை ஒழுங்காகப் பாடுகிறேன்."

நோட்டின் புதுப் பக்கத்தைத் திறந்து பென்சிலையும் நீட்டினாள். முன் வரிசைக்காரர் வாசலில் நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். எழுதிக் கொடுத்தால் நேரே அவரிடம் கொண்டுபோய்க் காட்டுவாளோ? சத்தியமாக அப்போதும் அப்படித்தான் நினைத்தேன். மறுபடியும் பூவையும் கூந்தலையுமே எழுதினேன்.

அவள் வாங்கிப் பார்த்தாள். தமிழ் தெரியாதே தவிர, ரூமி நன்றாகவே தெரியும். பழைய பக்கத்தைப் புரட்டினாள். அதில் ஒரு விரல், இதில் ஒரு விரல்.

"இரண்டும் ஒன்றுதானே, அக்கா" என்றாள்.

வாசலில் நின்றவரை ஒரு தரம் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். நோட்டை மூடி என் கையில் வைத்தாள்.

"இதை நான் யாருக்கும் காட்டினதில்லை. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்."

அதற்குப் பிறகு அவள் ஒத்திகைக்கு வரவில்லை. ஏன் என்று வாத்தியார் கேட்டபோது, வீட்டில் ஏதோ வேலையாம் என்றேன். ஸ்டேஷனில் போய்ச் சொன்னது யார் என்பது கடைசிவரை தெரியவில்லை.

கச்சேரிக்கு மறுநாள் காலையிலேயே அந்த நோட்டை ஒரு பக்கம் விடாமல் படித்தேன். யார் பெயராவது, தேதியாவது இருக்கிறதா என்று தேடித்தான் படித்தேன். பாட்டைத் தவிர ஒன்றும் இல்லை. மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் எல்லாம் சின்னதாக ஒரு பென்சில் கோடு போட்டிருந்தாள். எங்கள் வீட்டிலிருந்து கம்போங் செட்டி பத்து நிமிட நடைதான். அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு முகம் இல்லை.