எஸ்தர் அக்காவின் திங்கட்கிழமைப் பலகை

எஸ்தர் அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் நாகலாபுரம் பக்கம் ஒரு பருத்திக்காட்டில் நின்றேன். மடியில் பாதி பருத்தி இருந்தது. போனில் பேச்சியம்மாள்.

"ஏட்டி லட்சுமி, எஸ்தர் அக்கா போயிட்டாவட்டி."

"திங்கக்கிழமைல்லா, கோவில்பட்டிக்குத்தான் போயிருப்பாவ. என்ன புதுசா சொல்லுத?" என்றேன்.

அவள் அழுத பிறகுதான் எனக்கு உறைத்தது. பஸ்ஸுக்குப் புறப்பட்டுச் சேலை கட்டி நின்ற அக்காவுக்கு நெஞ்சு வலி வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோ கூட்டி வருவதற்குள் எல்லாம் ஆகிவிட்டது. மடியில் இருந்த பருத்தியைச் சாக்கில் தட்டிவிட்டு அப்படியே ரோட்டுக்கு ஓடினேன்.

அடக்கத்துக்கு நல்ல கூட்டம். பாதிரியார் ஜெபம் பண்ணினார். எங்கள் மகளிர் குழுத் தலைவி சீதா அக்கா பேசினார்கள். "எஸ்தர் மாதிரி பொறுமைசாலியை நான் பார்த்ததே இல்லை" என்றார்கள். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த இடத்திலேயே எதிர்த்துப் பேசியிருப்பேன். சாவு வீடு என்று வாயை மூடிக்கொண்டேன். அதனால்தான் இப்போது, அக்காவைத் தெரிந்த உங்களுக்கு எழுதுகிறேன். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். என் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அக்காவைப் பொறுமைசாலி என்று சொல்வதை என்னால் பொறுக்க முடியவில்லை.

எங்கள் ஊர்க் குதிரைவாலி மில்லில் எட்டுப் பெண்கள் வேலை பார்த்தோம். கட்டடமும் மிஷினும் அரசாங்கத் திட்டத்தில் வந்தவை. வேலை எங்கள் குழுவுடையது. காட்டில் இருந்து வரும் தானியத்தைக் களத்தில் காயப்போட வேண்டும், சுளகில் புடைக்க வேண்டும், கல் பொறுக்க வேண்டும், மிஷினில் கொடுத்து உமி நீக்க வேண்டும், சலித்துப் பாக்கெட் போட வேண்டும். இதில் கல் பொறுக்குகிறவள் பாடுதான் மோசம். நாள் பூராவும் குனிந்து பொறுக்கினாலும் கடைசியில் தானியம் தானியமாகத்தான் இருக்கும். எடுத்த கல்லை யார் பார்க்கிறார்கள்? நான், பேச்சியம்மாள், கனி மூன்று பேரும் அந்த வேலைதான். சாயங்காலம் வந்து பார்க்கிற சீதா அக்கா, "உக்காந்து கதை பேசுனதைத் தவிர என்னத்தட்டி செஞ்சிய?" என்பார்கள். வீட்டுக்குப் போனால் அங்கே வீட்டுக்காரர் வாயிலும் இதே கேள்வி.

எஸ்தர் அக்கா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்துவிட்டு, வீட்டுக்காரர் இறந்த பிறகு ஊருக்குத் திரும்பி எங்களோடு சேர்ந்தவர்கள். ஒருநாள் சீதா அக்கா திட்டிவிட்டுப் போனதும் நாங்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு இருந்தோம். எஸ்தர் அக்கா எங்களுக்கு ஆறுதல் சொல்லவில்லை. "அழுதா கண்ணீர்தான் தெரியும். வேலை தெரியாது. தெரியாத வேலைக்கு வசவுதான் கூலி" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள், மறுநாள் ஒரு பிளைவுட் பலகையைச் சுமந்து வந்தார்கள். பழைய பீரோவின் முதுகுப் பலகை அது. அதில் மூன்று வரிசையாக ஆணி அடித்தார்கள். எங்களில் பாதிப் பேருக்கு வாசிக்க வராது. அதனால் முதல் வரிசைக்கு மேலே வாய் திறந்த மூட்டைப் படம். நடுவில் சுளகுப் படம். கடைசியில் வாய் கட்டிய மூட்டை.

ஒவ்வொரு மூட்டைக்கும் ஓர் அட்டை. வேலை கிடந்தால் அட்டை முதல் வரிசையில் தொங்கும். கையில் எடுத்தால் நடுவுக்கு வரும். கட்டி முடித்தால் கடைசிக்குப் போகும். யார் செய்தது என்று காட்ட ஆளுக்கு ஒரு நிறத்தில் நூல். எனக்கு மஞ்சள். அட்டைக்குக் கல்யாணப் பத்திரிகைகளை வெட்டினோம். பத்திரிகையில் பிள்ளையார் படம் இருக்குமே, அதில் ஓட்டை போட எனக்குக் கை வரவில்லை. அக்கா கத்தரிக்கோலைப் பிடுங்கிப் பிள்ளையாரை அழகாக வெட்டி எடுத்து என் கையில் தந்தார்கள். "உங்க சாமி தலையில நான் ஆணி அடிப்பேனாட்டி? பிடி, வீட்டுல கொண்டு வை. மாப்பிள்ளை வீட்டார் பேரு கிடக்குல்லா, அதுல எத்தனை ஆணியும் அடிக்கலாம்" என்றார்கள். அன்றைக்குச் சிரித்த சிரிப்பு.

பலகை வந்த பிறகு சீதா அக்காவின் வாய் குறைந்தது. சாயங்காலம் வந்து நின்றால் மஞ்சளும் பச்சையும் நீலமும் கடைசி வரிசையில் தொங்கும். பேசாமல் போவார்கள். ஒருநாள் கனி ஒரு மூட்டையில் பாதிதான் கல் பொறுக்கியிருந்தாள். பிள்ளையைக் கூப்பிடப் போகிற அவசரத்தில் அட்டையைக் கடைசி வரிசையில் மாட்டிவிட்டாள். அக்கா அந்த மூட்டையில் கை விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்த்தார்கள். கல். எல்லார் முன்னாலும் அட்டையைக் கழற்றி நடுவில் மாட்டினார்கள். "அக்கா, கொஞ்சம்தான் கிடக்கு, விடுங்க" என்று கனி கெஞ்சினாள். "அட்டை பொய் சொன்னா நம்ம எட்டுப் பேரும் பொய் சொன்ன மாதிரி. பிறகு எவனும் நம்ப மாட்டான்" என்றார்கள். கனி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்கா அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. இதுவா பொறுமைசாலி?

இனி அந்தப் பாழாய்ப்போன நாள். கோவில்பட்டியில் இருக்கிற அரசாங்கத் திட்ட ஆபீசில் இருந்து சார் பார்வையிட வருகிறார் என்றார்கள். எஸ்தர் அக்கா அன்றைக்குத் தூத்துக்குடியில் நெஞ்சுக்கு ஏதோ டெஸ்ட் எடுக்கப் போயிருந்தார்கள். சீதா அக்கா காலையிலேயே வந்து மில்லைக் கழுவிவிடச் சொன்னார்கள். வாசலில் கோலம். காய வேண்டிய மூட்டைகளைப் பின்பக்கம் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடினோம். பிறகு சீதா அக்கா பலகையைப் பார்த்தார்கள்.

"என்னட்டி இது, இத்தனை அட்டை முதல் வரிசையில கிடக்கு? வீட்டுக்கு விருந்தாளி வாரப்ப எச்சில் பாத்திரத்தை முன்னால பரத்தி வைப்பமா? எல்லாத்தையும் கடைசிக்கு மாத்துங்க."

எங்களில் ஒருத்திக்கும் அது தப்பாகப் படவில்லை. விருந்தாளி வந்தால் வீடு நிறைந்து இருக்க வேண்டும், வேலை முடிந்து இருக்க வேண்டும். அப்படித்தானே வளர்ந்திருக்கிறோம்? மாற்றினோம். கடைசி வரிசை கல்யாண வீட்டுத் தோரணம் மாதிரி நிறைந்தது. முதல் இரண்டு வரிசையில் வெறும் ஆணி.

சார் வந்தார். மோரைக் குடித்தார். பலகையை ரொம்ப நேரம் பார்த்தார். "அருமையா வச்சிருக்கீங்கம்மா" என்றார். சீதா அக்காவுக்கு முகமெல்லாம் பல். அடுத்தபடி கேட்டார்: "எல்லா வேலையும் முடிஞ்சிருக்கே. பிறகு எட்டுப் பேர் எதுக்கு? கல் எடுக்க மிஷின் வேற வரப்போகுது. அஞ்சு பேர் போதுமே."

தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினால் பொய் வெளியே வரும். காட்டாவிட்டால் வேலை போகும். வேலைதான் போனது. மறுவாரம் நானும் பேச்சியம்மாளும் கனியும் வெளியே. மிஷின் இன்றுவரை வரவில்லை. கல்லோடு போன பாக்கெட்டுகள் திரும்பி வருகின்றன என்று கேள்விப்படுகிறேன்.

எஸ்தர் அக்காவை யாரும் வெளியே அனுப்பவில்லை. பேசாமல் இருந்திருக்கலாம். டெஸ்ட் எடுத்துவிட்டு ஊருக்கு வந்து விஷயம் தெரிந்ததும் சீதா அக்காவிடம் போய், "விருந்தாளிக்குப் பூ வைக்கிற இடமா அது? கிடக்கிற வேலையை மறைச்சா ஆள் எதுக்குன்னுதானே கேப்பான்" என்று தெருவே கேட்கிற மாதிரி சத்தம் போட்டார்கள். எங்களுக்கும் வசவு விழுந்தது. எங்கள் மூன்று பேரையும் நிறுத்தியதும் பலகையைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு கோவில்பட்டி பஸ் ஏறினார்கள். நானும் கூடப் போனேன். கண்டக்டர் லக்கேஜ் போடணும் என்றார்.

"என்னக்கா, கதவையா தூக்கிட்டுப் போறிய?"

"கதவுதான் அண்ணாச்சி. திறக்குதான்னு பாக்கப் போறோம்" என்றார்கள் அக்கா.

ஆபீசில் சார் சலித்துக்கொண்டார். "இதை ஏம்மா தூக்கிட்டு வந்தீங்க? ஒரு போட்டோ எடுத்து அனுப்பினாப் போதுமே."

"போட்டோவுல அட்டை நகராது சார். இங்கனயே கிடக்கட்டும். வாராவாரம் நான் வந்து மாத்துதேன். கிடக்கிற வேலை எத்தனை, அஞ்சு பேரால முடிஞ்சது எத்தனைன்னு நீங்களே பாருங்க."

அன்று தொடங்கியது இந்தத் திங்கட்கிழமை. மில்லில் லீவு சொல்லிவிட்டு, கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறிப் போய் ஆபீஸ் சுவரில் தொங்குகிற பலகையில் அட்டைகளை மாற்றிவிட்டு வருவார்கள். வாரத்துக்கு வாரம் முதல் வரிசை நிறைந்தது. ஒரு ஆணியில் ரெண்டு மூணு அட்டை தொங்கியது. ஆபீஸ்காரர்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு காலியாக இருந்த ஆணிகளில் சாப்பாட்டுப் பையை மாட்டினார்கள். ஒருதரம் போனபோது பலகை சுவரைப் பார்த்துத் திரும்பி இருந்ததாம். அக்கா அதைத் திருப்பி வைத்துவிட்டு, பியூனிடம், "ஐயா, உங்களைச் சுவத்தைப் பார்த்து நிக்க வச்சா நிப்பியளா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"பார்க்கலாம்மா" என்பதுதான் சார் ஒவ்வொரு வாரமும் தந்த பதில். அதைக் கேட்டுவிட்டு வந்து எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து அக்கா திட்டுவார்கள் பாருங்கள், கேட்கக் காது கூசும். தண்ணீர் குடிப்பார்கள், மறுபடியும் திட்டுவார்கள். "போதும்க்கா, உடம்பைப் பாருங்க. நாங்க காட்டு வேலைக்குப் போய்க்கிடுதோம்" என்று நான் ஒருநாள் சொன்னேன். "நீ போவட்டி. நான் உனக்காகவா போறேன்? பலகை பொய் சொல்லிருச்சு. நான் அடிச்ச ஆணி. அது உண்மையைச் சொல்லுத வரைக்கும் போவேன்" என்றார்கள்.

அப்படிப் போய்க்கொண்டிருந்தவர்களைத்தான் பொறுமைசாலி என்கிறார்கள். கேட்டுக் கேட்டுக் கால் தேய்கிற பெண்ணுக்குப் பொறுமைசாலி என்று பட்டம் கொடுத்துவிட்டால் பதில் சொல்ல வேண்டாம் பாருங்கள். அந்தச் சாரும் அடக்கத்துக்கு மாலை கொடுத்து அனுப்பியிருந்தார். மாலையை நான் தொடவில்லை.

அடக்கம் முடிந்த அடுத்த திங்கள் நான் காட்டுக்குப் போகவில்லை. மில்லில் கேட்டு, கிடக்கிற மூட்டை எவ்வளவு என்று தெரிந்துகொண்டு கோவில்பட்டிக்குப் போனேன். எனக்கு ஆபீஸில் பேசிப் பழக்கம் இல்லை. சாப்பாட்டுப் பைகளைக் கழற்றி மேஜையில் வைத்தேன். அட்டைகளை மாற்றினேன். சார் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அந்தம்மாதான் தவறிட்டாங்களே. இனி இதை எடுத்துட்டுப் போயிருங்கம்மா. இடத்தை அடைக்குது."

"எங்க மூணு பேர் விஷயம் சார்?"

"பார்க்கலாம்."

நான் ஒரு புது அட்டை எடுத்தேன். மூன்று பெண்களை வரைந்தேன். படம் கோணல்தான், முக்காடு போட்ட பூசணிக்காய் மாதிரி இருந்தது. "சார், பாக்கிறது உங்க வேலை. உங்களுக்கு எந்த நிறத்துல நூல் கட்ட?" என்று கேட்டேன். மேஜையில் ஃபைல் கட்டுகிற சிவப்பு நாடா கிடந்தது. அதில் ஒரு துண்டைக் கட்டி, முதல் வரிசையில், அவர் நாற்காலியில் இருந்து பார்த்தால் தெரிகிற ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன்.

அக்காவிடம் இருந்து எனக்கு வந்தது பொறுமை இல்லை. ஒரு வாரத்துக் கோபத்தை அடுத்த திங்கள் வரை ஆறவிடாமல் வைத்துக்கொள்வது, அதைப் பஸ் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அது போதும். அதை வைத்துக்கொள்கிறேன்.

வருகிற திங்களும் போவேன். அந்த அட்டை முதல் வரிசையிலேயே இருந்தால், ஏன் இன்னும் கிடக்கிறது என்று கேட்பேன். கடைசி வரிசைக்குப் போயிருந்தால், எங்களை வேலைக்குக் கூப்பிடாமல் அது எப்படி அங்கே போனது என்று கேட்பேன்.