கடுகளவு குடலைப் படுக்க வைத்த நாள்

அந்த ஸ்லைடு திரும்பி வந்தபோது எனக்கு இருபது வருட சர்வீஸ். அதனால் முதலில் கோபம்தான் வந்தது.

செம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியின் பயாப்ஸி லேபில் டெக்னீஷியனாக இருந்தேன். எண்டோஸ்கோப்பியில் கிள்ளி எடுத்த சதையை மெழுகில் பதித்து பிளாக் ஆக்கி, மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி ஸ்லைடாகத் தருவது என் வேலை. அதைப் பார்த்து நோயைச் சொல்பவர் மாட்டுங்காவிலிருந்து வரும் டாக்டர் மேடம்.

"மூர்த்தி, இது நிஜமாவே தட்டையா, இல்லே நீங்க சாய்ச்சு வெட்டிட்டேளா?"

சிறுகுடலின் உள்சுவரில் நுண்ணிய சதை முளைகள் விரல் விரலாக நிற்கும். அவற்றின் மேல்தோல் ஒரே ஒரு செல் கனம். சாப்பாட்டின் சத்தை உள்ளே விட்டு, கிருமியை வெளியே நிறுத்துவது அந்த ஒற்றை வரிசைதான். செல்கள் அப்படி நெருக்கியடித்து நிற்கும். எத்தனை வருடம் பார்த்தும் எனக்கு அலுத்ததில்லை. கோதுமை ஆகாத சிலியாக் நோயில் அந்த இறுக்கம் தளரும், விரல்கள் தேய்ந்து தரைமட்டமாகும். ஆனால் சதையை நிமிர்த்தாமல் படுக்க வைத்துப் பதித்தாலும் ஸ்லைடில் தட்டையாகத்தான் தெரியும்.

பிளாக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். படுத்துத்தான் கிடந்தது. தப்பு என்னுடையது.

சதைக்குச் சொந்தக்காரி பிரியா. பதினோரு வயது, பார்த்தால் ஏழு சொல்லலாம். ரத்தப் பரிசோதனை இழுபறியாக இருந்ததால் இந்த ஸ்லைடைத்தான் நம்பியிருந்தார்கள். அவள் அம்மா முப்பிடாதி தாராவியில் ஒரு மெஸ்ஸில் சப்பாத்தி தேய்ப்பவள். லேப் ஜன்னலில் வந்து நின்றாள்.

"சார், எம் பிள்ளைக்கு என்னன்னு தெரிஞ்சிட்டா?"

"நான் சரியா வைக்கலம்மா. திரும்ப வெட்டணும்." சொல்லும்போது காது சுட்டது.

"மறுபடியும் அந்தக் குழாய முழுங்கணுமா? வேண்டாம் சார், பிள்ளை அன்னைக்கே ரொம்பப் பயந்துட்டா."

பிளாக்கில் மிச்சமிருந்த சதை கடுகளவுதான். அதையும் கெடுத்தால் குழாய்தான். பிளாக்கை உருக்கி, லென்ஸ் வழியே பார்த்து, விளிம்பில் நிமிர்த்திப் பதித்தேன்.

மேடம் வெகுநேரம் பார்த்தார். "இப்போ சந்தேகமே இல்லே. நிஜமாவே தேய்ஞ்சிருக்கு. கோதுமையை நிறுத்தணும்."

விஷயத்தைக் கேட்டதும் முப்பிடாதி அழுதுவிட்டாள். "மெஸ்ஸுல மிஞ்சுன சப்பாத்திய தெனமும் நாந்தான சார் ஊட்டுனேன்."

"அந்தத் தோல் சில நாளுக்கு ஒருதடவை தானாவே புதுசாகும்மா. கோதுமைய நிறுத்துனா விரலும் மெதுவா வளந்துரும்" என்றேன்.

ஒன்றரை வருடம் கழித்து மறு பயாப்ஸி வந்தது. மேடமே முப்பிடாதியை மைக்ரோஸ்கோப் முன் உட்கார வைத்தார். விரல்கள் வரிசையாக நின்றன.

"எந்திரிச்சு நிக்குல்லா!" என்றாள். "இம்புட்டுப் பொடிசா இருந்துக்கிட்டா எம் பிள்ளையக் காவல் காக்குது?"

லேபுக்குப் புதிதாக வருகிறவர்களே, சந்தேகம் வந்தால் சர்வீஸ் பார்க்காமல் பிளாக்கை உருக்குங்கள். என் தப்பான ஸ்லைடை அப்படியே விட்டிருந்தாலும் அன்று விடை இதேதான் வந்திருக்கும். ஆனால் ஒரு பிள்ளையின் தட்டிலிருந்து ஆயுள் முழுக்கக் கோதுமையை எடுக்கச் சொல்ல அந்த ஸ்லைடு போதாது.