பெரிய வெள்ளிக்குப் பாட்டெடுக்க

தொப்பூர்க் கணவாயில் லாரி சாய்ந்து, பஸ் நின்றுபோன ஒரு மாலையில்தான் அந்த யோசனை தோன்றியது. சேலத்தில் கல்லூரி முடிந்து திரும்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வகுப்புத் தோழி. ஆளுக்கொரு காதில் இயர்போன். இரண்டாம் உலகப் போரை ஒட்டிய வருடங்களில் பதிவான ஓப்பராப் பாடகர்களின் இசைத்தட்டுகளை யார் யாரோ இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். நான்கு மாதமாக எனக்கு அதைக் கேட்பதுதான் வேலை. மைக் இல்லாமல் அத்தனை பெரிய அரங்கின் கடைசி வரிசைவரை எப்படிப் பாடினார்கள் என்ற சந்தேகத்தில் தொடங்கியது.

அன்று ஓடியது நான் கேட்டிராத தட்டு. கனத்த, இறங்கிய குரல்.

"யாருடி இந்தாளு? பொண்டாட்டி செத்துட்டாளா?" என்றாள் தோழி.

திரையைத் தொட்டேன். கறுப்பு வெள்ளைப் படத்தில் முத்துமாலை போட்ட ஒரு பெண்.

"ஏய், இது பொம்பளடி!" என்றேன்.

பெண்களில் இப்படிக் கீழே பாடுகிறவர்களைக் கான்ட்ரால்டோ என்பார்கள் என்று படித்திருக்கிறேன். காதால் கேட்டது அன்றுதான். என் குரலும் அந்த வகை. ஊர்க் கோயிலின் பாடற்குழுவான கொயரில் என்னைப் பின்வரிசையில் நிறுத்துவார்கள். உச்சம் வரும் இடத்தில் வாயை மட்டும் அசைக்கச் சொல்வார்கள்.

இயேசு இறந்த நாளான பெரிய வெள்ளியன்று எங்கள் கோயிலில் கீபோர்டு, தபேலா எதுவும் கிடையாது. பாட்டெடுக்கிறவரின் தொண்டை எங்கே தொடங்குகிறதோ அதுதான் சுருதி. வருடா வருடம் எடுப்பது முன்வரிசை அக்கா. நல்ல குரல், ஆனால் மேலே எடுப்பார். சிலுவையை முத்தம் செய்ய ஊரே வரிசையில் வரும். அரைமணி நேரம் பாட்டு ஓடும். மூன்றாவது சரணத்திலேயே சனங்கள் கைவிட்டுவிடுவார்கள். நான் கீழே எடுத்தால் எல்லோரும் கடைசிவரை பாடலாமே என்று பஸ்ஸிலேயே முடிவு செய்தேன். எனக்கும் வாயைத் திறந்து பாட ஒரு நாள் கிடைக்கும். உண்மையில் அந்தக் காரணம்தான் பெரியது.

பெரிய வெள்ளிக்கு முந்தைய தவக்காலத்தின் முதல் ஒத்திகையில் கேட்டேன். கொயரை நடத்தும் அண்ணன் ஜெராக்ஸ் கடைக்காரர்.

"இந்த வருசம் நான் எடுக்கட்டுங்களாண்ணா?"

"நீயா? அப்ப ஆம்பளைங்க பக்கம் வந்து நில்லு."

எல்லோரும் சிரித்தார்கள். முன்வரிசை அக்கா மட்டும், "எடுக்கட்டும் வுடுங்க. ஒரு வருசமாவது என் தொண்ட பொழைக்கும்" என்றார்.

"சரி, அடுத்த சனிக்கெழம எடுத்துக் காட்டு. வரலன்னா அப்பறம் பேச்சே கெடையாது."

ஒரு வாரம் அந்தத் தட்டையே போட்டுப் போட்டுக் கேட்டேன். அந்தப் பாடகியின் முதல் சுரத்தை எங்கள் பாட்டின் முதல் சுரமாக மனதில் பதிய வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை கண்ணை மூடி எடுத்தேன். முதல் அடி நன்றாகவே போனது. கடைசி அடியில் ராகம் இறங்கும் இடத்தில் பெண்கள் பக்கம் சத்தமே இல்லை. ஆண்கள் பக்கமும் வெறும் உறுமல்.

"ஏம்மா, இதுக்கும் கீழ போவணும்னா கெணறுதான் வெட்டணும்" என்றார் ஒருவர்.

அண்ணன் நோட்டை மூடினார். அக்காவே எடுக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து, கோபத்தில், அந்தப் பாடகியின் மற்றப் பதிவுகளைத் தேடினேன். அதே பாட்டை வேறொருவரும் ஏற்றியிருந்தார். அரை நிமிடம் குறைவாக ஓடியது. எங்கோ வெட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன். இரண்டையும் அடிக்கு அடி வைத்துப் பார்த்தால் ஒரு சொல்கூடக் குறையவில்லை. வேகம்தான் வேறு. போனில் உள்ள கீபோர்டில் தட்டிப் பார்த்தேன்: நான் பழகியது சுருதியில் ஒரு முழுக் கட்டை கீழே. அதை ஏற்றியவர்கள் தட்டை மெதுவாகச் சுழலவிட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள்; வேகம் குறைந்ததில் சுருதியும் இறங்கிவிட்டது. அந்தப் பதிவின் கீழே ஒருவர் அதைக் கருத்தாகவே எழுதியிருந்தார். நான் கருத்துகளைப் படிப்பதே இல்லை. அந்த அம்மாள் பாடாத இடத்தில் ஒரு வாரமாகப் பாடிக்கொண்டிருந்திருக்கிறேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. சேர்த்து வைத்திருந்த நம்மூர்ப் பழைய பாடகிகளின் தட்டுகளையும் அன்றே சோதித்தேன். அதிலும் இரண்டின் வேகம் சந்தேகம்தான்.

மறுநாள் ஜெராக்ஸ் கடைக்குப் போய் இரண்டு பதிவுகளையும் போட்டுக் காட்டினேன்.

"இப்ப போன் மேல பழியப் போடறியா?"

"நான் கேட்ட தட்டுதாங்கண்ணா தப்பு. என் குரல் தப்பில்லைங்க."

ஆதார் நகல் எடுத்துக்கொண்டே இன்னொரு முறை கேட்டார். "ரெண்டாவது ஏறித்தான் இருக்குது. குருத்து ஞாயித்துக்கு முந்தின நாளு ஒரு வாட்டி பாக்கலாம். அதோட முடிவு."

குருத்து ஞாயிறு பெரிய வெள்ளிக்கு முந்தின ஞாயிறு; இன்று வியாழன், அவர் சொன்ன சனிக்கிழமை நாளை மறுநாள். சரியான தட்டிலிருந்துகூட இந்த முறை சுரம் எடுப்பதாக இல்லை. கடைசி அடியின் மிகத் தாழ்ந்த சுரம் மற்றப் பெண்களுக்கு எட்டினால்தான் பாட்டு நிற்கும். அந்த இடத்தை முதலில் கண்டுபிடித்து, அங்கிருந்து மேலே எண்ணி முதல் சுரத்தை வைக்க வேண்டும். அதை முன்வரிசை அக்காவை வைத்துப் பார்க்கலாம் என்று நேற்று கேட்டேன்.

"நாளைக்குச் சாயந்தரம் வூட்டுக்கு வா. நான் எறங்கிக்கிட்டே வரேன், எங்க நிக்கிறனோ குறிச்சுக்கோ. அந்தப் போன மட்டும் கொண்டாந்துராத" என்றார்.